வரும்போது டாலர், போகும்போது ஃபாரம்

க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நேற்று ராத்திரி பிறந்த குழந்தைக்கு இந்திய ரிசர்வ் வங்கி ஒரு வரம் கொடுத்து வைத்திருக்கிறது. அந்தக் குழந்தை ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகலாம், அனுப்பலாம், செலவழிக்கலாம். கையெழுத்து மட்டும் கார்டியன் போட வேண்டும். இந்தத் தாராளம் 2004இல் 25,000 டாலரில் ஆரம்பித்து, 2015இல் இரண்டரை லட்சத்துக்கு ஏறியது. தொட்டிலில் கிடக்கிற பிள்ளைக்கே இவ்வளவு என்றால் பெற்றவனுக்கு எவ்வளவு மரியாதை இருக்க வேண்டும்! அந்தப் பெற்றவன், ஏலக்காய் நல்ல விலைக்குப் போன ஒரு வருஷத்தில், பெண்டாட்டி பிள்ளைகளோடு நாலு நாள் தாய்லாந்து போய்வர ஆசைப்படட்டும். இறங்கியதும் டாக்ஸிக்கும் டீத்தண்ணிக்கும் ஆகட்டும் என்று ஒரு பத்தாயிரம் பாட் நோட்டாகக் கேட்டு, கம்பத்திலோ சின்னமனூரிலோ ஒரு வங்கிக்குள் நுழையட்டும். அப்போது தெரியும் வரத்தின் லட்சணம்.

நானும் நுழைந்தேன். எந்த வங்கி, எந்தக் கிளை என்பது வேண்டாம். கவுண்டரில் இருந்த பெண் பாட் என்றதும் பின்னால் திரும்பி, "சார், பாட்டு கேக்குறாரு" என்றது. சார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "நகைக்கடன் அடுத்த கவுண்டர்ங்க" என்றார். காதில் எது விழுந்ததோ. தாய்லாந்துப் பணம் சார் என்று விளக்கினேன்.

"அதெல்லாம் இங்க வராதுங்க. மதுரை போகணும். அங்கயும் டாலர்னா கிடைக்கும். பாட்டுன்னா எழுதிப்போட்டுச் சென்னையில இருந்து வரணும்."

"எத்தனை நாள் ஆகும் சார்?"

"நீங்க எப்பக் கிளம்புறீங்க?"

"வர்ற வியாழன்."

சிரித்தார். கோபமில்லை, எகத்தாளமுமில்லை. ஐ.சி.யு. வாசலில் நிற்கிற சொந்தக்காரர்களைப் பார்த்து டாக்டர் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு. அவர் தலைக்கு மேலே சுவரில் ஒரு விளம்பரம். பனிமலை முன்னால் அப்பா, அம்மா, ஆணொன்று பெண்ணொன்று, எல்லாருக்கும் கம்பளிக் குல்லா. வெளிநாட்டுப் பயணமா, நாங்கள் இருக்கிறோம் என்று எழுதியிருந்தது. எங்கே இருக்கிறார்கள் என்று முகவரி போடவில்லை.

வெளிநாட்டுப் பணம் என்றால் என்னவென்றே தெரியாத ஊர் என்றால் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இது எந்த ஊர்? விடியுமுன்னே போடியிலும் கம்பத்திலும் ஜீப் ஜீப்பாகப் பெண்கள் ஏறி, போடிமெட்டும் கம்பமெட்டும் கடந்து, கேரளத்து ஏலத்தோட்டங்களில் குனிந்து காய் எடுத்துவிட்டு இருட்டில் திரும்புகிற ஊர். அந்தக் காய் காய்ந்து, சலித்து, தரம் பிரிந்து, போடியில் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலத்தில் கம்ப்யூட்டர் முன்னால் விலைபோகிறது. பிறகு கப்பலேறி சவுதிக்கும் அமீரகத்துக்கும் போய், அங்கே கஹ்வா காபியில் விழுந்து மணக்கிறது. கொடுத்த சரக்குக்கு டாலர் வருகிறது. அந்த டாலர் நம் கணக்கில் ரூபாயாகத்தான் விழும். நோட்டைக் கண்ணால் பார்த்தவர் இங்கே எத்தனை பேர்? போகட்டும், காய்க்கு ரூபாய் வந்தது.

அடுத்தது ஆள். உத்தமபாளையம், கம்பம், போடிப் பக்கத்துத் தெருக்களில் வளைகுடாவுக்கு ஒரு பிள்ளையை அனுப்பாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவன் அங்கே ஐம்பது டிகிரி வெயிலில் நின்று அனுப்புகிற பணத்தை வாங்கிக்கொடுக்க இந்தப் பள்ளத்தாக்கில் எத்தனை வாசல்! மருந்துக்கடையில் வாங்கலாம், செல்போன் கடையில் வாங்கலாம், நகை அடகுக் கடையில் வாங்கலாம். புரோட்டாக் கடைக்கு மாடியிலும் மஞ்சள் கறுப்புப் பலகை தொங்கும். ரகசிய எண்ணைச் சொல்லி ஆதாரைக் காட்டினால் பத்து நிமிஷம். "டீ சாப்பிடுறீங்களா?" என்று கேட்பார்கள். உள்ளே வருகிற பணத்துக்கு டீ உண்டு.

வெளியே போகிற பணத்துக்கு? இந்த ஓரவஞ்சனை ஏதோ கடைக்காரர்கள் கூடிப் பேசிச் செய்ததில்லை. ரிசர்வ் வங்கியின் விதியே அப்படித்தான். முழு உரிமம் வாங்கிய பணமாற்று நிறுவனங்கள் ஊருக்கு ஊர் ஏஜெண்டுகளை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ஏஜெண்டு, வருகிறவனிடமிருந்து டாலரையும் யூரோவையும் வாங்கிக்கொண்டு ரூபாய் கொடுக்கலாமே ஒழிய, போகிறவனிடம் ரூபாய் வாங்கி டாலர் கொடுக்கக் கூடாது. தேக்கடியில் படகேற வருகிற வெள்ளைக்காரரை நம்பி எல்லையோரத்தில் தொங்குகிற பணமாற்றுப் பலகைகளைப் பார்த்து ஆசையாக ஏறினால், இறங்க வேண்டியதுதான். கல்லாவுக்குள் டாலர் இருக்கும். உங்கள் பையில் ரூபாய் இருக்கும். நடுவில் சட்டம் நிற்கும்.

எங்கள் அப்பா காலத்து ஆட்களிடம் இதைச் சொன்னால், "எட்டு டாலர் காலத்துக்கு இது தேவலைப்பா" என்பார்கள். உண்மைதான். 1960களிலும் 70களிலும் சீமைக்குப் படிக்கப் போனவர்கள் கையில் 8 டாலரோடு இறங்கினார்கள் என்பது அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கே மனப்பாடம். அன்று கஜானாவில் இல்லை, கொடுக்கவில்லை. அதில் ஒரு நாணயம் இருந்தது. 1991இல் இன்னும் மோசம். மே மாதம் 20 டன் தங்கத்தை விற்று, ஜூலையில் 47 டன்னை விமானத்தில் ஏற்றி லண்டனில் அடகு வைத்துத்தான் நாடு மூச்சுவிட்டது. அந்தக் காலத்தில் ஃபெரா என்ற அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டம். கணக்கில் வராத டாலரோடு பிடிபட்டால் ஜெயில். 2000 ஜூனில் ஃபெரா போய் ஃபெமா வந்தது. கட்டுப்பாடு போய் மேலாண்மை வந்துவிட்டது என்று பத்திரிகைகளில் தலையங்கம் எழுதினார்கள். இன்று கையிருப்பு 600 பில்லியன் டாலருக்கு மேல். நிதியமைச்சர்கள் மாறினாலும் அந்தத் தொகையைச் சொல்லும்போது நெஞ்சு நிமிர்வது மாறுவதில்லை. நிமிரட்டும். அதில் எங்கள் ஏலக்காயும் இருக்கிறது. கம்பத்துக்காரனுக்குப் பத்தாயிரம் பாட் கொடுத்தால் அந்த 600 பில்லியனில் பள்ளம் விழுந்துவிடுமா?

சரி, மதுரைக்கே போவோம். நூறு கிலோமீட்டருக்கு மேல், ஒரு நாள் பிழைப்பு, பஸ் சார்ஜ், மத்தியானச் சாப்பாடு. இதெல்லாம் எந்த ரேட்டிலும் சேராத செலவு. பாஸ்போர்ட், பான் கார்டு, டிக்கெட், இவற்றின் ஜெராக்ஸ், ஜெராக்ஸில் கையெழுத்து. எதற்காகப் போகிறீர்கள் என்று ஒரு ஃபாரத்தில் எழுத வேண்டும். ரூபாயை ரொக்கமாகக் கொண்டுபோனால் 50,000 வரைதான் வாங்குவார்கள். மேலே என்றால் வங்கி வழியாக வரவேண்டும். கறுப்புப் பணத்தைத் தடுக்கிறார்களாம். நல்லது. கறுப்புப் பணம் வைத்திருக்கிறவன் ஐம்பதாயிரத்தை மடியில் கட்டிக்கொண்டு மதுரைக்கு பஸ்ஸில் வருகிறான் என்று இவர்களுக்கு யார் சொன்னது?

பணமாற்றுக் கடையில் நுழைந்ததும் கண்ணில் படுவது ஒரு வாசகம்: கமிஷன் இல்லை. கையெடுத்துக் கும்பிட வேண்டிய தர்மவான்கள். ஏ.சி. போட்டு, டை கட்டின பையன்களுக்குச் சம்பளம் கொடுத்து, சும்மா பணம் மாற்றிக் கொடுக்கிறார்கள். பக்கத்திலேயே சிவப்பு எழுத்தில் ரேட் ஓடும். கணக்குக்கு ஒரு பாட்டின் நிஜமான சந்தை விலை 2 ரூபாய் 60 காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்குக் கொடுக்கும்போது 2.90. நம்மிடம் வாங்கும்போது 2.30. பத்தாயிரம் பாட்டுக்கு 29,000 கொடுத்தீர்கள், அதில் 3,000 போயிற்று. திரும்பி வரும்போது கையில் 2,000 பாட் மிஞ்சியது. 5,800க்கு வாங்கியதை 4,600க்கு எடுத்துக்கொள்வார்கள். கமிஷன் மட்டும் கிடையாது! மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிற தரகர் கூட, தரகு வாங்கவில்லை என்று போர்டு மாட்டுவதில்லை.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். கமிஷன் இல்லை என்று கடைக்காரர் சொல்வதை நாம் நம்புகிறோம். அரசாங்கம் நம்பவில்லை. ஜி.எஸ்.டி. விதியில் ஒரு ஏற்பாடு இருக்கிறது: ஒரு லட்சம் ரூபாய் வரை பணம் மாற்றினால், அந்தத் தொகையில் ஒரு சதவீதம், குறைந்தது 250 ரூபாய், மாற்றிக் கொடுத்தவர் செய்த சேவையின் மதிப்பு என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். அதற்கு 18 சதவீத வரி. ஆயிரம் ரூபாய்க்கு மாற்றினாலும் 45 ரூபாய் வரி. அதாவது, "சும்மா மாற்றுகிறேன் என்கிறாயே, அது பொய், உனக்கு இவ்வளவாவது வந்திருக்கும்" என்று டெல்லிக்கு நன்றாகத் தெரிகிறது. தெரிந்தவர்கள் என்ன செய்ய வேண்டும்? அந்தப் பொய்ப் பலகையைக் கழற்றச் சொல்ல வேண்டும். சந்தை விலைக்கும் உன் விலைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பில்லில் எழுது என்று சொல்ல வேண்டும். அதைச் செய்யவில்லை. பொய்யை மதிப்பிட்டு, அதற்கு வரி போட்டு, அந்த வரியையும் ஏமாந்தவன் தலையிலேயே கட்டியிருக்கிறார்கள். பிக்பாக்கெட்காரனைப் பார்த்துவிட்ட போலீஸ்காரர், பர்ஸைப் பறிகொடுத்தவனிடம் போய் 18 சதவீதம் கேட்பதற்குப் பெயர் வரிவிதிப்பு என்றால், எனக்கு ஆட்சேபம் இல்லை.

மதுரையில் பாட் இல்லையென்றால் விமான நிலையத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களிடம் ஒன்று சொல்லிவிடுகிறேன். வேறு வழியில்லாத ஆளிடம்தான் விலை ஏறும் என்பது கத்தரிக்காய்க்கும் பொருந்தும், கரன்சிக்கும் பொருந்தும். டாலராக வாங்கிப்போய் அங்கே மாற்றலாமே என்று டிராவல்ஸ்காரர் யோசனை சொல்வார். மாற்றலாம். ரூபாய் டாலராகும்போது ஒரு கடி, டாலர் பாட்டாகும்போது இன்னொரு கடி.

ஏ.டி.எம். இருக்கிறதே என்கிறீர்களா? முதலில் உங்கள் கார்டு வெளிநாட்டில் வேலை செய்யுமா என்று பாருங்கள். பாதுகாப்புக்காக, புதிதாகக் கொடுக்கும் கார்டுகளை உள்நாட்டுக்கு மட்டும் திறந்து வைக்கச் சொல்லி 2020இல் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. வெளிநாட்டுக்கு நாமே ஆப்பில் நுழைந்து சுவிட்ச் போட வேண்டும். விவரம் தெரியாதவர் பாங்காக்கில் நள்ளிரவில் இயந்திரத்தின் முன்னால் நின்று, ஓ.டி.பி. வருமென்று சிம் இல்லாத போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். சுவிட்ச் போட்டவருக்கு வேறு உபசாரம். எடுக்கும் ஒவ்வொரு தடவைக்கும் அந்த ஊர் வங்கிக்கு இருநூறு பாட்டுக்கு மேல், நம்மூர் வங்கிக்கு அதன் பங்கு, அதன்மேல் ஜி.எஸ்.டி. இத்தனைக்கும் பிறகு திரையில் ஒரு கேள்வி வரும்: உங்கள் கணக்கில் ரூபாயாகவே கழித்துக்கொள்ளட்டுமா, இந்த ரேட்டுக்குச் சம்மதமா? சம்மதம் என்ற பொத்தான் பச்சையாக, பெரிதாக இருக்கும். ரூபாய் என்றதும் நம்மூர் ஆளுக்கு மனசு குளிர்ந்துவிடும். தெரிந்த முகத்தைப் பார்த்த மாதிரி அமுக்குவார். அந்த ரேட் அந்த இயந்திரக்காரன் வைத்த ரேட். மாட்டேன் என்று அமுக்கினாலும் பணம் வரும், நல்ல ரேட்டிலேயே வரும். இதை எந்த வங்கியாவது நமக்கு ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் சொல்லியிருக்கிறதா? தீபாவளி வாழ்த்து அனுப்புகிறார்கள், பர்சனல் லோன் வேண்டுமா என்று சாமத்தில் கேட்கிறார்கள், இதற்கு மட்டும் அவர்களிடம் வார்த்தை இல்லை.

நடுவில் ஜிபே பெருமை வேறு. 2024 பிப்ரவரியில் ஈபிள் கோபுரத்தில் யு.பி.ஐ. வந்தது. அதே மாதம் 12ஆம் தேதி இலங்கையிலும் மொரீஷியஸிலும் வந்தது. பிரதமர் திரையில் கையசைத்தார். சந்தோஷம். ஈபிள் கோபுரத்தில் டிக்கெட் எடுக்க வக்குள்ளவனுக்குச் சில்லறைப் பிரச்சினை என்றைக்கு இருந்தது? கண்டியில் மழையில் நிறுத்திய த்ரீவீலர்காரர் கையை நீட்டுவார். அந்தக் கையில் இலங்கை ரூபாய்தான் விழ வேண்டும்.

நியாயம் கேட்டால் கிடைக்காது என்றும் சொல்ல முடியாது. கேட்கிறவர் யார் என்பதைப் பொறுத்தது. 2023 மே 16ஆம் தேதி, வெளிநாட்டில் கிரெடிட் கார்டில் செலவழிப்பதும் அந்த இரண்டரை லட்சம் டாலர் கணக்கில் வரும் என்று ஒரு அறிவிக்கை. வெளிநாட்டுக்குப் போகிற பணத்தில் ஜூலை முதல் 20 சதவீதம் வரியாக முன்கூட்டியே பிடிப்போம் என்று அதற்கு முன்பே பட்ஜெட்டில் சொல்லியிருந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்த பம்பாயும் பெங்களூரும் கொதித்தன. பாரிஸில் காபி குடித்தால் இருபது சதவீதமா என்று தொழிலதிபர்கள் ட்விட்டரில் கண்ணீர் வடித்தார்கள். மூன்றே நாள். மே 19ஆம் தேதி, கார்டில் ஏழு லட்சம் வரை விலக்கு என்று விளக்கம் வந்தது. ஜூன் 28ஆம் தேதி, கிரெடிட் கார்டு விஷயத்தையே நிறுத்திவைத்துவிட்டார்கள். அதே மே 19 சாயங்காலம்தான் 2,000 ரூபாய் நோட்டைத் திரும்பப் பெறுவதாகவும் அறிவித்தார்கள். கார்டுக்காரர்களுக்கு விளக்கம் வந்தது, நோட்டுக்காரர்களுக்கு க்யூ வந்தது. ஒரே நாள், ஒரே அரசாங்கம்.

கார்டு இல்லாத எங்களூர்க்காரன் டூர் பேக்கேஜில் போவான். பழக்கமான டிராவல்ஸ், நாற்பது பேர், கூடவே ஒரு சமையல்காரர், புளியோதரை. அதற்கு 2020 அக்டோபர் முதலே ஐந்து சதவீதம் பிடித்தார்கள்; அவனுக்கு எந்த விலக்கும் கிடையாது, முதல் ரூபாயிலிருந்தே பிடித்தம். சதவீதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் ஏறும், இறங்கும், முறை மாறாது. வருமான வரிக் கணக்குக் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும் என்பார்கள். ஏலத்தோட்டம், திராட்சைத் தோட்டம், வாழை, தென்னை என்று மண்ணில் வருகிற வருமானத்துக்கு இந்த நாட்டில் வருமான வரியே இல்லை. அதில் மட்டும் வாழ்கிற விவசாயி பொதுவாகக் கணக்குக் கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. வரி கட்ட வேண்டாதவனிடம் வரியைப் பிடித்துக்கொண்டு, அதைத் திரும்ப வாங்க அவனை ஆடிட்டரிடம் அனுப்புகிறார்கள். ஆடிட்டர் ஃபீஸைக் கழித்தால் மிஞ்சுவது, வந்துபோன பெட்ரோலுக்குக் காணும்.

சுற்றுலாக்காரன் கிடக்கட்டும், வசதி உள்ளவன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஹஜ்ஜுக்குப் போகிறவர்களை என்ன செய்தார்கள்? ஆயுசு பூராவும் சேர்த்த காசில் எழுபது வயதில் கிளம்புகிற கிழவரும் கிழவியும் அவர்கள். ஹஜ் கமிட்டி பல வருஷங்களாக ஒரு ஏற்பாடு வைத்திருந்தது. கட்டுகிற தொகையிலேயே பிடித்துக்கொண்டு, புறப்படும் இடத்தில் ஆளுக்கு 2,100 ரியால் கையில் கொடுத்து அனுப்புவார்கள். மதுரைக்கு அலைய வேண்டாம், ரேட் பலகை பார்க்க வேண்டாம். 2023இல் அதை எடுத்துவிட்டார்கள். யாருக்கு எவ்வளவு தேவையோ அவர்களே வாங்கிக்கொள்ளும் வசதியாம். ஸ்டேட் வங்கியில் வாங்கலாம், கார்டாகவும் வாங்கலாம் என்றார்கள். உத்தமபாளையத்துப் பாட்டி, பின் நம்பரை முந்தானை நுனியில் முடிந்துகொண்டு போய், மக்காவில் சுதந்திரமாக ஏ.டி.எம். தேட வேண்டும். மேல்நாட்டு நிபுணர்கள் இதற்கு நிதி உள்ளடக்கம் என்று பரிசு கொடுத்தாலும் கொடுப்பார்கள். அவர் ஊரிலிருந்து போன ஏலக்காய் மக்காவில் அவருக்கு முன்பே இறங்கியிருக்கும். அதற்கு யாரும் ஃபாரம் நீட்டவில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு, கடைசியில் பாட் எங்கே கிடைத்தது என்று சொல்லாமல் விட்டால் நேர்மையில்லை. எனக்குக் கிடைக்கவில்லை, கார்டைத் தேய்த்துத்தான் சமாளித்தேன். ஆனால் வங்கியை விட்டு நான் வெளியே வந்தபோது, படிக்கட்டில் டூவீலரை நிறுத்திக்கொண்டிருந்த ஒரு தம்பி, "என்னண்ணே, கரன்சியா?" என்றான். உள்ளே பேசியது வெளியே எப்படிக் கேட்டதோ. "எவ்வளவு வேணும்? பாட்டா, ரிங்கிட்டா, சிங்கப்பூரா? சாயங்காலம் வீட்டுக்கே வந்துரும். மதுரை ரேட்டுக்குக் கொஞ்சம் கம்மியாவே போட்டுத் தர்றேன். பில்லு மட்டும் கேக்கக் கூடாது." ஜெராக்ஸ் கேட்கவில்லை, எதற்குப் போகிறாய் என்று கேட்கவில்லை. அண்ணே என்று கூப்பிட்டான். ஒரு வங்கி செய்ய வேண்டிய அத்தனை காரியத்தையும் அவன் ஒற்றை ஆளாக, ஒரு ஹெல்மெட்டோடு செய்துகொண்டிருக்கிறான்.

அவனிடம் வாங்கினால் ஃபெமா சட்டம் 13ஆம் பிரிவு. மாட்டிய தொகைக்கு மூன்று மடங்கு வரை அபராதம் போடலாம் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. அந்தத் தம்பியை வங்கி வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தியவர்களுக்கு எத்தனை மடங்கு என்று எந்தப் பிரிவிலும் காணோம்.